தாயுமானவரும் மஸ்தான் சாகிபும்: சுங்கை சிப்புட்டில் ஆறு வார வகுப்பு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், மளிகைக் கடையின் மேல்மாடியில் இயங்கும் ஒரு துணைப்பாட நிலையம் பெரியவர்களுக்கென ஆறு ஞாயிற்றுக்கிழமைகளில் நடத்திய இவ்வகுப்பில் 60 ரிங்கிட் கட்டிச் சேர்ந்தேன். பாட்டைப் பொறுத்தவரை கொடுத்த பணத்துக்குக் குறைவில்லை. தத்துவத்தில்தான் எனக்கு மனக்குறை.

சைவ ஞானி தாயுமானவரின் பராபரக்கண்ணியை ஆசிரியர் விளக்கத் தொடங்காமல் பாடத் தொடங்கினார். அதன் 389 கண்ணிகளில் (இரண்டடிப் பாடல்களில்) இருபதைக்கூட எட்டவில்லை என்றாலும், இரண்டாம் கண்ணியிலேயே வகுப்பு முழுவதும் ‘பராபரமே’ என்று ஏற்றுப் பாடியது. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்வுபெற்ற ஓர் அம்மா தாளைப் பார்க்கவே இல்லை. குணங்குடியில் 1792இல் பிறந்த சூபி (இஸ்லாமிய மெய்ஞ்ஞானி) மஸ்தான் சாகிபின் றகுமான் கண்ணிக்கு அதே மெட்டில் ஆசிரியர் மாறியபோது, கடைசி வரிசையில் இருந்த தமிழ் முஸ்லிம் உணவுக்கடைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்து, றகுமான் என்றால் அளவற்ற அருளாளன் என்று எங்களுக்கு எடுத்துச் சொன்னார்.

நான்காம் வாரம்தான் வகுப்பின் உச்சம். அப்பர் ‘முன்னம் அவனுடைய நாமம் கேட்டாள்’ என்று பாடும்போது உயிர் பெண்ணாகவும் இறைவன் தலைவனாகவும் நிற்க, மஸ்தான் சாகிபோ சைவர்கள் சக்திக்கு வழங்கும் மனோன்மணி என்ற பெயரையே எடுத்து, இறையைக் காதலியாக்கித் தாம் ஏங்கும் ஆணாக நிற்கிறார். பெயர் இங்கிருந்து வந்தது, காதலின் திசை சூபியருடையது என்று ஆசிரியர் பிரித்துக் காட்டியது அருமை.

அப்படிப் பிரிக்கத் தெரிந்தவர், அடுத்த வாரம் சைவத்தின் நான்கு நெறிகளான சரியை (தொண்டு), கிரியை (பூசை), யோகம், ஞானம் என்பவற்றுக்கு நேரே சூபியரின் நான்கு படிகளான சரீஅத் (மார்க்கச் சட்டம்), தரீகத் (ஆன்மிகப் பாதை), ஹகீகத் (மெய்ம்மை), மஃரிபத் (இறையறிவு) என்று எழுதி, இரண்டும் ஒன்றே என முடித்துவிட்டார். சைவ சித்தாந்தத்தில் சரியைக்குச் சாலோகம் (இறைவனின் உலகில் இருத்தல்) என்பதுபோல ஒவ்வொரு நெறிக்கும் தனிப் பேறு உண்டு. சரீஅத்தோ முஸ்லிம்கள் அனைவருக்குமான கடமை, மஃரிபத்தை எட்டியவரையும் அது விடுவதில்லை என்பதே பெரும்பாலான சூபியரின் கொள்கை. ஒலி ஒத்திருப்பதால் பொருள் ஒத்துவிடாது என்று நான் கேட்டதற்கு, நேரமாகிவிட்டது என்ற பதில்தான் கிடைத்தது. (உணவுக்கடைக்காரர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.)

படிகள் செங்குத்தானவை, மூட்டுவலி உள்ளவர்கள் யோசித்துச் சேரவும். நகல் தாள்களில் எழுத்து மங்கல், கண்ணாடி அவசியம். அடுத்த சுற்றுக்கும் நான் பெயர் கொடுத்திருக்கிறேன், ஐந்தாம் வாரத்துக்குரிய கேள்விகளை முன்கூட்டியே எழுதிக்கொண்டு.