கூகுள் மேப், டைரக்டரி, சொந்த வெப்சைட்: எல்லையோரக் கடைக்கு எது கைகொடுக்கும்?

கேரள எல்லையில் இருக்கும் புளியரை சோதனைச் சாவடி தாண்டி செங்கோட்டைக்கு வரும் சாலையில் எங்கள் ஒர்க்‌ஷாப். ரிப்பேர் வேலை முழுக்க அண்ணன் கையில். போன், பில், இன்டர்நெட் என் பொறுப்பு. கடை ஆன்லைனில் தெரிவதற்காக மூன்று வழிகளையும் பார்த்துவிட்டோம்: காசு கட்டிச் சேரும் டைரக்டரி (கடைகளைப் பட்டியல் போடும் தளம்), சொந்த வெப்சைட், கூகுள் பிசினஸ் புரொஃபைல் (கூகுள் தேடலிலும் மேப்பிலும் கடையைக் காட்டும் இலவசப் பதிவு). சுற்றுவட்டாரக் கடைக்காரர்கள் அடிக்கடி கேட்பதால் எழுதுகிறேன். என் ஓட்டு கூகுளுக்குத்தான். அதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியை எந்தக் கண்ணோடு படிப்பது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

முதலில் யார் தேடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஆரியங்காவு கணவாய் இறங்கி வருகிற வண்டி, கிளட்ச் கருகிய வாடையோடு வந்து நிற்கும். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போயிருக்கும், டயர் கிழிந்திருக்கும். ஜூன் தொடங்கிக் குற்றாலம் சீசன் கூட்டம்; கார்த்திகை பிறந்தால் மகரவிளக்கு வரை சபரிமலை வண்டிகள், இரவு பகல் கிடையாது. இவர்களில் யாருக்கும் எங்கள் கடைப் பெயர் தெரியாது. ஓரமாக நிறுத்தி, ‘பக்கத்தில் மெக்கானிக்’ என்று மலையாளத்திலோ தமிழிலோ ஆங்கிலத்திலோ தட்டுகிறார்கள். மேப்போடு சேர்ந்து மேலே வரும் மூன்று கடைகளில் ஒன்றுக்குப் போன் போடுகிறார்கள். நாலாவது கடையைப் பார்க்கிற பொறுமை நடுரோட்டில் நிற்பவருக்கு இருக்காது.

டைரக்டரி விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். ஜஸ்ட்டயல், சுலேகா, இந்தியாமார்ட் என்று பல இருக்கின்றன. நாங்கள் காசு கட்டிச் சேர்ந்தது எது என்பது இங்கே முக்கியமில்லை. மாதாமாதம் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் போகிற ஏற்பாடு. அழைப்புகள் வந்தன, அதை மறுக்க மாட்டேன். ஆனால் எங்களைத் திருநெல்வேலி என்ற தலைப்பின் கீழ் போட்டிருந்தார்கள். தென்காசி தனி மாவட்டமாகி (2019) வருஷங்கள் ஆனபிறகும் அப்படித்தான். பாளையங்கோட்டையில் வண்டி நின்றுபோனவர் செங்கோட்டைக்குப் போன் செய்தால் இரண்டு பேருக்கும் நேரம்தான் வீண். மாற்றச் சொன்னால் விற்பனைப் பிரதிநிதியிடம் சொல்ல வேண்டும், அவர் மேலே சொல்ல வேண்டும். அதற்குள் சீசனே முடிந்துவிடும். மொத்த வியாபாரம் செய்பவர்கள், மெஷின் விற்பவர்கள் கதை வேறு. அவர்களுடைய வாடிக்கையாளர் நாலு ஊரில் விலை விசாரித்து வாங்குபவர். அங்கே டைரக்டரிக்கு வேலை உண்டு.

சொந்த வெப்சைட் நல்லதுதான். டொமைன் பெயருக்கு (வெப்சைட் முகவரிக்கு) வருடாவருடம் கட்டணம், அதை வைத்திருக்க ஹோஸ்டிங் என்கிற இடம், யாராவது ஒருவர் அதைக் கவனித்துக்கொள்ள வேண்டும். கூகுளே இலவசமாக ஒரு பக்க வெப்சைட் கொடுத்துக்கொண்டிருந்தது; 2024 மார்ச்சில் அதை நிறுத்திவிட்டார்கள். அதை நம்பி விசிட்டிங் கார்டில் முகவரி அச்சடித்த கடைகள் எங்கள் பக்கமே உண்டு. லாட்ஜ், ஹோம்ஸ்டே நடத்துபவர் என்றால் வெப்சைட் கட்டாயம் வேண்டும் என்பேன்: அறைப் படம், வாடகை, முன்பதிவு எல்லாம் அதில்தான் நிற்கும். எங்கள் தொழிலில் அதைத் திறந்து படிப்பவர் அபூர்வம். ஒரே ஒரு பக்கம் மட்டும் வைத்து, என்னென்ன வேலை செய்கிறோம் என்று தமிழிலும் மலையாளத்திலும் போட்டு, கூகுள் புரொஃபைலில் அந்த லிங்க்கைக் கொடுத்திருக்கிறோம். அவ்வளவு போதும்.

இனி கூகுள். உள்ளூர்த் தேடலில் யாரை மேலே காட்டுவது என்பதற்கு மூன்று விஷயங்களைப் பார்ப்பதாகக் கூகுளே சொல்கிறது: கேட்டதற்கும் கடைக்கும் உள்ள பொருத்தம், தேடுபவருக்கும் கடைக்கும் உள்ள தூரம், கடை எவ்வளவு அறியப்பட்டது என்பது. தூரத்தை நாம் ஒன்றும் செய்ய முடியாது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்துப் புனலூரில் நிற்பவருக்குச் செங்கோட்டைக் கடை மேலே வர வேண்டும் என்று ஆசைப்படுவதில் பயனில்லை. அவர் புளியரை இறங்கும்போது நாம் தெரிந்தால் சரி. மற்ற இரண்டும் நம் கையில் இருக்கின்றன. அதுவும் ஒருநாள் உட்கார்ந்து செய்து முடிக்கிற வேலை அல்ல, தொடர்ந்து பராமரிக்கிற வேலை. நான் கூகுள் பக்கம் சாய்வதற்கு உண்மையான காரணம் இந்தப் பராமரிப்புதான். இலவசம் என்பதுகூட அடுத்ததுதான். ஒரு தகவல் தப்பாக இருந்தால் என் போனிலிருந்தே, யாரையும் கெஞ்சாமல், மாற்ற முடிகிறது.

கடை நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண நாட்களில் காலை எட்டு முதல் இரவு எட்டு வரை. சபரிமலை சீசனில் இரவும் திறந்திருப்போம். ‘திறந்திருக்கிறது’ என்று பச்சையில் காட்டினால்தான் இரவு ஒரு மணிக்கு நிற்கிற டிரைவர் போன் போடுவார். அது மட்டுமல்ல, தேடுகிற நேரத்தில் திறந்திருக்கும் கடைக்குக் கூடுதல் முக்கியத்துவம் இருப்பதை 2023 கடைசியில் கூகுள் தரப்பே உறுதிப்படுத்தியது. அதற்காக 24 மணி நேரம் என்று பொய்யாகப் போடுவது மோசமான வேலை. பூட்டிய ஷட்டர் முன்னால், குழந்தைகளோடு, மாலை போட்ட சாமிகளோடு ஒரு வண்டி வந்து நிற்பதை நினைத்துப் பாருங்கள். கார்த்திகை ஒன்றுக்கு முன்னால் நேரத்தை மாற்றுகிறேன், மகரவிளக்கு முடிந்ததும் திருப்பி வைக்கிறேன். தீபாவளி, பொங்கலுக்கு விடுமுறை நேரம் தனியாகப் போட இடம் இருக்கிறது, அதையும் விடுவதில்லை.

அடுத்தது மேப்பில் கடையின் புள்ளி. எங்களுடையது முதலில் கடைக்குப் பின்னால் வாய்க்கால் ஓரம் விழுந்திருந்தது. வழிகாட்டியை நம்பி வருகிற வேன் பின்தெருவில் நுழைந்து, திருப்பவும் முடியாமல் நிற்கும். முகவரித் திருத்தத்தில் புள்ளியை இழுத்து வாசலில் வைத்தோம், தொல்லை தீர்ந்தது. போட்டோவும் அப்படித்தான். கடைக்குள்ளே இருக்கும் ஜாக்கியையும் ஸ்பேனரையும் படம் எடுத்துப் போடுவதைவிட, ரோட்டில் வருபவர் கண்ணுக்குக் கடை எப்படித் தெரியுமோ அப்படி எடுத்துப் போடுங்கள். புளியரை பக்கத்திலிருந்து வரும்போது ஒன்று, செங்கோட்டை பக்கத்திலிருந்து வரும்போது ஒன்று, இரவில் போர்டு லைட் எரியும்போது ஒன்று. “போட்டோல பார்த்த புளியமரம் தெரிஞ்சுது, அதான் நிறுத்திட்டேன்” என்று ஒரு வேன் டிரைவர் சொன்னது எனக்கு எந்த ரிப்போர்ட்டையும்விட உபயோகமாக இருந்தது.

தொழில் வகையைத் தேர்ந்தெடுப்பதில் பலர் கோட்டை விடுகிறார்கள். முதன்மை வகை ஒன்று, அதற்கு மேல் ஒன்பது வரை சேர்க்கலாம். எங்களுக்கு முதன்மை ‘ஆட்டோ ரிப்பேர்’, அதாவது பொதுவான வண்டி ரிப்பேர். டயர், பேட்டரி, பிரேக் வேலை துணை வகைகள். செய்யாத வேலையைச் சேர்க்க வேண்டாம். பெயரிலும் கை வைக்க வேண்டாம்: போர்டில் என்ன பெயரோ அதுதான் புரொஃபைலிலும் இருக்க வேண்டும் என்பது கூகுளின் விதி. பெயரோடு ‘செங்கோட்டை பெஸ்ட் மெக்கானிக்’ என்று ஒட்டுப் போட்டால் சில நாள் மேலே வரலாம், யாராவது புகார் கொடுத்தால் புரொஃபைலே முடங்கும்.

மதிப்புரைக்கு வருகிறேன். தள்ளுபடி கொடுத்து வாங்குவது விதிப்படி தப்பு. வண்டிச் சாவியைக் கையில் கொடுக்கும்போது அண்ணன் ஒரு வார்த்தை கேட்பார், கவுன்டரில் க்யூஆர் அட்டை இருக்கும், அத்தோடு சரி. கேரளக்காரர்கள் மலையாளத்திலேயே எழுதுகிறார்கள்: கிளட்ச் மாற்றியது, ராத்திரி உதவியது, சேட்டன் நியாயமாக வாங்கினார் என்று. இதில் ஒரு கூடுதல் பலன் உண்டு. யாராவது கிளட்ச் என்று தேடினால், அந்தச் சொல் வருகிற மதிப்புரை வரியைக் கூகுள் சில சமயம் கடைப் பெயருக்குக் கீழேயே காட்டுகிறது. மலையாளத்தில் எழுதியவருக்கு மலையாளத்திலேயே பதில் போடுகிறேன். முதலில் திருவிதாங்கூரோடும், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த ஊர் இது. எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அந்த மொழி சரளம், எழுதி முடித்து அவர்களிடம் ஒருமுறை காட்டினால் போதும். குறை சொன்னவருக்கும் பதில் உண்டு. சண்டைக்குப் போகாமல், என்ன நடந்தது, என்ன செய்து கொடுத்தோம் என்று இரண்டு வரி.

இதையெல்லாம் ஆன்லைன் வேலை பார்த்துத் தரும் ஏஜென்சியிடம் விட்டுவிடலாமே என்பார்கள். விடலாம், ஆனால் சாவி உங்களிடம் இருக்க வேண்டும். எங்களுக்குத் தெரிந்த லாட்ஜ் ஒன்றுக்கு ஏஜென்சி தன் மெயிலிலேயே புரொஃபைல் தொடங்கியது. ஏஜென்சியோடு உறவு முறிந்த பிறகு பழைய போன் நம்பரை மாற்ற முடியாமல் ஒரு சீசன் போனது. உரிமை கேட்டுக் கூகுளிடம் விண்ணப்பிக்கலாம். இப்போதைய உரிமையாளர் பதில் சொல்ல மூன்று நாள் அவகாசம், அதற்கு மேல்தான் அடுத்த கட்டம். ஆகவே உரிமையாளர் உங்கள் மெயில், ஏஜென்சிக்கு மேனேஜர் அனுமதி மட்டும். ‘காசு கொடுங்கள், முதலிடம் வாங்கித் தருகிறோம்’ என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். உள்ளூர் முடிவுகளில் மேலே வரக் காசு வாங்குவதில்லை என்று கூகுள் தெளிவாகவே எழுதியிருக்கிறது. விளம்பரம் தனி, அதில் ‘ஸ்பான்சர்டு’ என்று குறித்திருக்கும். நாங்கள் குற்றாலம் சீசனில் கொஞ்சம் போட்டதோடு சரி. அழைப்பு கூடியது விளம்பரத்தாலா, கூட்டத்தாலா என்று அந்த அனுபவத்தை வைத்து அடித்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

நான் சொல்வது அவசரத்துக்குத் தேடப்படும் தொழிலுக்குப் பொருந்தும்: பஞ்சர் கடை, மெடிக்கல், ஹோட்டல், வெப்சைட்டோடு சேர்த்து லாட்ஜும். கல்யாண ஜவுளி, நகை மாதிரி வீட்டில் பேசி முடிவெடுத்து வாங்கும் பொருளுக்கு இன்ஸ்டாகிராம் முந்தக்கூடும். அந்தக் கடைக்காரர்களைக் கேட்பதுதான் சரி. ஐபோன்காரர்களுக்காக ஆப்பிள் மேப்ஸிலும் இலவசமாகப் பதியலாம். அங்கேயும் அதே பெயர், அதே நம்பர், அதே நேரம் இருக்கட்டும். நம்பரை மாற்றினால் பழைய டைரக்டரிப் பக்கங்களையும் தேடிப் பிடித்து மாற்றுங்கள். இடத்துக்கு ஒரு நம்பர் கிடந்தால் டிரைவர் முதலில் கண்ணில் பட்டதைத்தான் அழுத்துவார்.