நாய்க்கு வைட்டமின் ஏ: கேரட்டா, மீன் ஈரல் எண்ணெயா, கோழி ஈரலா?

கடையில் விற்கிற முழுமையான உலர் தீவனம் மட்டும் சாப்பிடும் நாய்க்கு இந்தக் கேள்வியே வேண்டாம், அதிலேயே வைட்டமின் ஏ சேர்த்திருப்பார்கள். சோறும் கோழிக்கறியும் போட்டு வளர்க்கிற வீட்டில்தான் சிக்கல். சோற்றில் அது கிடையாது, கறியில் இருப்பதும் சொற்பம். எங்கள் நாய் 15 கிலோ, சாப்பாடு வீட்டில்தான், அதற்கு நாங்கள் தேர்ந்தெடுத்தது கோழி ஈரல்.

கேரட்டை முதலில் முடித்துவிடலாம். பீட்டா கரோட்டினை வைட்டமின் ஏ-யாக மாற்றப் பூனையால் முடியாது, நாயால் முடியும், அதனால் கேரட்டும் பரங்கிக்காயும் வீண் இல்லை. ஆனால் எவ்வளவு மாறும் என்பது வேகவைத்தோமா, மசித்தோமா, கூடவே கொழுப்பு இருந்ததா என்பதைப் பொறுத்து ஏறி இறங்கும். பச்சையாகக் கொடுத்த கேரட் மறுநாள் மலத்தில் ஆரஞ்சுத் துண்டுகளாக அப்படியே வந்து விழுவதை நாய் வளர்ப்பவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். காய்கறியாக நல்லது, கணக்குக்கு உதவாது.

மீன் ஈரல் எண்ணெய் கணக்குக்கு வரும். காட் மீனின் ஈரல் எண்ணெய் ஒரு டீஸ்பூனில் சுமார் 4,500 யூனிட் (சர்வதேச அலகு, IU) வைட்டமின் ஏ, கூடவே சுமார் 450 யூனிட் வைட்டமின் டி. நான் தயங்குவது இந்த டி-க்காகத்தான். அமெரிக்காவில் விலங்குத் தீவனத்துக்கு அளவுகள் வகுக்கும் ஆஃப்கோ (AAFCO) அமைப்பின் விதிப்படி, ஈரம் நீக்கிய ஒரு கிலோ உணவில் டி குறைந்தது 500 யூனிட், உச்சம் 3,000. அதாவது நடுவே ஆறு மடங்குதான் இடம். எங்கள் நாய் தின்பது ஈரம் நீக்கிப் பார்த்தால் தினம் கால் கிலோ அளவுதான், அதற்கு உச்சம் 750 யூனிட், தினம் இரண்டு டீஸ்பூன் போனாலே அது தாண்டிவிடும். டி மிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி சிறுநீரகத்தைக் கெடுக்கும். வீட்டில் ஒருவர் காலையில் ஊற்றியது தெரியாமல் இன்னொருவர் மாலையிலும் ஊற்றிவிட்டால் என்ன செய்வது? அதே விதியில் வைட்டமின் ஏ-க்குக் குறைந்தது 5,000, உச்சம் 2,50,000. ஐம்பது மடங்கு.

இந்த ஐம்பது மடங்குதான் என்னை ஈரல் பக்கம் சாய்த்தது, அது ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மனிதரின் ஈரல் வைட்டமின் ஏ-யை ரெட்டினால் என்ற வடிவில், அதற்கென்றே உள்ள ரெட்டினால் பிணைப்புப் புரதத்தில் ஏற்றித்தான் ரத்தத்தில் விடும். அந்தப் புரதம் டிரான்ஸ்தைரெட்டின் என்ற இன்னொரு பெரிய புரதத்தோடு சேர்ந்து போவதால் சிறுநீரக வடிகட்டியில் கசியாது, ஆரோக்கியமான மனிதரின் சிறுநீரில் வைட்டமின் ஏ ஏறக்குறைய இருக்காது. வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தில் உள்ள வைட்டமின் ஏ-யில் ரெட்டினைல் எஸ்டர் (கொழுப்பு அமிலத்தோடு இணைந்த ரெட்டினால்) பத்து சதவீதத்துக்கு மேல் போனால் மருத்துவர் நஞ்சாகிவிட்டதோ என்று சந்தேகிப்பார். நாய்க்கும் இந்தப் புரதங்கள் உண்டு, ஆனால் அதன் ரத்தத்தில் வைட்டமின் ஏ-யின் பெரும்பங்கு எஸ்டராகவே, கொழுப்புப் புரதங்களில் ஏறித்தான் சுற்றுகிறது, சாப்பிடாமல் இருக்கும்போதும் அப்படித்தான். அதோடு ஆரோக்கியமான நாயின் சிறுநீரிலேயே ரெட்டினாலும் எஸ்டரும் வெளியேறுகின்றன, அங்கே அவை சிறுநீரகம் சுரக்கும் டாம்-ஹார்ஸ்ஃபால் என்ற புரதத்தோடு சேர்ந்து காணப்படுகின்றன. கூடுதலாகத் தின்ற வைட்டமின் ஏ-யை நாய் தாங்குவதற்கு இதெல்லாம் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அதனால் நாயின் ரத்தப் பரிசோதனைத் தாளை மனிதருக்கான அளவுகோலில் வைத்துப் படித்து யாராவது பயமுறுத்தினால் பதறாதீர்கள்.

இதற்காக அள்ளிக் கொட்டச் சொல்லவில்லை. கொழுப்பில் கரையும் சத்து, ஈரலில் சேர்ந்துகொண்டே போகும். அண்டார்டிகாவில் பசிக்கு ஹஸ்கி நாய்களின் ஈரலைத் தின்ற ஆய்வுப் பயணி சேவியர் மெர்ட்ஸ் 1913 ஜனவரியில் இறந்ததற்கு வைட்டமின் ஏ நஞ்சுதான் காரணமோ என்று பின்னாளில் சொல்லப்பட்டது, நாயின் ஈரல் அவ்வளவு சேமித்து வைக்கக்கூடியது. தினமும் ஈரல் மட்டுமே தின்ற பூனைகளுக்குக் கழுத்தெலும்புகள் ஒட்டி இறுகிப்போகும் நோயும் தெரிந்த விஷயம், அதனால் பூனையும் உள்ள வீட்டில் நாயின் கிண்ணத்தைப் பொதுவாக வைக்க வேண்டாம்.

அளவு இப்படி. எங்கள் நாய்க்குத் தினமும் சுமார் 1,000 கலோரி, அதற்குத் தேவையான ஏ ஏறக்குறைய 1,250 யூனிட். கோழி ஈரல் 100 கிராமில் சுமார் 11,000 யூனிட். ஆக வாரத்துக்கு 80 கிராம் போதும், சில நாள் மறந்தாலும் சேமிப்பு சமாளிக்கும். கறிக்கடையில் ஈரல் வாங்கினால் இதயம் ஒட்டிக்கொண்டு வரும், அதையும் நாய்க்கே போடலாம், பச்சை நிறத்தில் பித்தப்பை ஒட்டியிருந்தால் மட்டும் கிழியாமல் வெட்டி எறியுங்கள். உப்பு, வெங்காயம் இல்லாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரையும் சோற்றிலேயே பிசைந்துவிடுங்கள்.

நான் பேசுவது வளர்ந்த, நோயில்லாத நாயைப் பற்றி மட்டும். குட்டியையோ சினை நாயையோ ஈரல் போட்டுப் பராமரித்த அனுபவம் எனக்கு இல்லை, சிறுநீரகக் கோளாறு உள்ள நாய்க்கும் கால்நடை மருத்துவரைக் கேட்காமல் தொடங்காதீர்கள். அப்புறம், லாப்ரடார் வைத்திருப்பவர்கள் ஆட்டீரல், மாட்டீரல் பக்கம் போகாமல் கோழி ஈரலோடு நிற்பது நல்லது. அவற்றில் தாமிரம் பல மடங்கு அதிகம், ஈரலில் தாமிரம் தேங்கும் நோய் அந்த இனத்தில் வருவதுண்டு.