ஜேன் ஆஸ்டினின் காதல்: எந்தப் படத்தைப் பார்ப்பது?

ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் கைகூடாத காதலைப் பற்றி இரண்டு படங்கள்: 'பிகமிங் ஜேன்' (2007), பிபிசியின் 'மிஸ் ஆஸ்டின் ரிக்ரெட்ஸ்' (2008). ஒன்றைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்பவர்களுக்கு இது.

நாயகி: முதல் படத்தில் இருபது வயது ஜேனாக ஆன் ஹாத்வே. இரண்டாவதில் நாற்பதை நெருங்கும் ஜேனாக ஒலிவியா வில்லியம்ஸ்.

நேரம்: முன்னது இரண்டு மணி, பின்னது ஒன்றரை மணி.

உண்மை: இங்கேதான் பெரிய வேறுபாடு. 1796 ஜனவரியில் அக்கா கசாண்ட்ராவுக்கு எழுதிய கடிதங்களில், டாம் லெஃப்ராய் என்ற இளைஞரோடு நடனம் ஆடியதையும் பேசியதையும் ஜேன் குறும்பாகச் சொல்கிறார். நமக்கு ஆதாரமாக இருப்பது ஏறக்குறைய அவ்வளவுதான். இந்தக் காதலைச் சொல்லும் முதல் படத்தில் இருவரும் ஓடிப்போகக் கிளம்புவது கற்பனை. லெஃப்ராய் பின்னாளில் அயர்லாந்தின் தலைமை நீதிபதியானதும், மூத்த மகளுக்கு ஜேன் என்று பெயர் வைத்ததும் உண்மை. அது அவர் மாமியாரின் பெயரும்கூட.

இரண்டாவது படம் கடிதங்களை ஒட்டியே நடக்கிறது. 1802-ல் ஹாரிஸ் பிக்-விதரை மணக்கச் சம்மதித்து, மறுநாள் காலையே ஜேன் மறுத்ததிலிருந்து தொடங்குகிறது. அண்ணன் மகள் ஃபேனி அத்தையிடம் காதலைப் பற்றிக் கேட்கும் காட்சிகள் மனத்தை உருக்குகின்றன. என் மனம் இதன் பக்கம்தான்.

நல்ல காதல் படம், அழகான நடனக் காட்சிகள் வேண்டுமென்றால் முதல் படம். அவருடைய நாவல்களைப் படித்து, எழுதியவரைத் தெரிந்துகொள்ளத் துடிப்பவர்களுக்கு இரண்டாவது.