ஏர்பேக்கை ஊதும் நைட்ரஜன்: நான்கு எரிபொருள்கள், நேருக்கு நேர்

மோதல் நடந்த கண நேரத்தில், ஏறக்குறைய 30 மில்லிசெகண்டில், ஓட்டுநர் பக்க ஏர்பேக் நிரம்பியாக வேண்டும். கொள்ளளவு சுமார் 60 லிட்டர். அவ்வளவு வாயுவைச் சிலிண்டரில் அடைத்து ஸ்டீயரிங் நடுவில் வைக்க இடம் போதாது. அதனால் வாயுவைத் திட வில்லைகளாக இன்ஃப்ளேட்டருக்குள், அதாவது பையை ஊதும் உலோகக் கூட்டுக்குள், வைத்து, வேண்டிய நொடியில் எரித்து எடுக்கிறார்கள். இந்த வேலைக்குப் போட்டியிட்டவை முக்கியமாக நான்கு: சோடியம் அசைடு, 5-அமினோடெட்ரசோல், அம்மோனியம் நைட்ரேட், குவானிடின் நைட்ரேட்.

முதலில் ஒரு கணக்கு. எடையில் நைட்ரஜன் பங்கு: அமினோடெட்ரசோல் 82 சதவீதம், அசைடு 65, குவானிடின் நைட்ரேட் 46, அம்மோனியம் நைட்ரேட் 35. நைட்ரஜன் அதிகமானால் வாயுவும் அதிகம் என்றுதானே தோன்றும்? ஒரு கிலோ கலவையிலிருந்து கோட்பாட்டளவில் வரும் வாயுவைப் பாருங்கள்: அம்மோனியம் நைட்ரேட் 44 மோல் (மூலக்கூறுகளின் எண்ணிக்கையை அளக்கும் அலகு), காரக் காப்பர் நைட்ரேட்டுடன் சேர்ந்த குவானிடின் நைட்ரேட் 30, ஸ்ட்ரான்ஷியம் நைட்ரேட்டுடன் சேர்ந்த அமினோடெட்ரசோல் 24, தனி அசைடு 23. பட்டியல் கிட்டத்தட்டத் தலைகீழ். காரணம் இரண்டு. நீராவியும் வாயுதான், ஹைட்ரஜன் உள்ள சேர்மங்களுக்கு அது கூடுதல் வரவு. ஆக்சிஜன் போதாத சேர்மத்துக்கு, மேலே சொன்ன காப்பர், ஸ்ட்ரான்ஷியம் நைட்ரேட்டுகள்போல ஆக்சிஜன் தரும் ஆக்சிஜனேற்றி சேர்க்க வேண்டும், அதன் உலோகப் பகுதி வாயுவாகாமல் கசடாகவே தங்கிவிடும்.

ஆற்றல் வரும் வழியும் ஒன்றல்ல. அசைடிலும் அமினோடெட்ரசோலிலும் நைட்ரஜன் அணுக்கள் ஒன்றோடொன்று கோத்திருக்கின்றன. நைட்ரஜன் ஒற்றைப் பிணைப்பின் வலு மோலுக்கு 160 கிலோஜூல் அளவில்தான், முப்பிணைப்பு 945. கோவை அறுந்து முப்பிணைப்பு நைட்ரஜன் உருவாகும்போது அந்த வித்தியாசம் வெளியே வருகிறது. மற்ற இரண்டும் அப்படியில்லை. ஒரே உப்புக்குள் எரியும் பகுதியும் எரிக்கும் பகுதியும் சேர்ந்திருப்பவை. 'நைட்ரஜன் மிகுந்தவை' என்று நான்கையும் ஒரே பெட்டியில் போடுவது கொஞ்சம் சோம்பேறித்தனம்.

அசைடு. பழைய ஆள். வாயு சுத்தம், வெறும் நைட்ரஜன். எரியும்போது வெப்பமும் ஒப்பீட்டளவில் குறைவு, பைத்துணி தாங்கும். 130 கிராம் அசைடு சிதைந்தால் 3 மோல் நைட்ரஜன், அறை வெப்பநிலையில் சுமார் 73 லிட்டர். கூடவே 46 கிராம் சோடியம் உலோகமும் வரும், சிக்கல் அங்கேதான். தண்ணீர் பட்டால் பற்றும் உலோகத்தைப் பயணியின் முகத்துக்கு நேரே விட முடியாது. அதைப் பொட்டாசியம் நைட்ரேட்டால் ஆக்சைடாக்கி, அந்த ஆக்சைடைச் சிலிக்காவுடன் சேர்த்துக் கண்ணாடி போன்ற சிலிக்கேட்டாகக் கட்டுவார்கள். ஆக, வாயு தராத எடை ஏறிக்கொண்டே போகும், இன்ஃப்ளேட்டரும் பருக்கும்.

அதைவிடப் பெரிய குறை, எரியாத அசைடின் நச்சு. எலிகளில் பாதி இறக்கும் வாய்வழி அளவு உடல் எடையில் கிலோவுக்கு 27 மில்லிகிராம்தான். செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்த உதவும், சயனைடு தடுக்கும் அதே சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் நொதியைத்தான் இதுவும் தடுக்கிறது. அமிலம் பட்டால் ஹைட்ரசோயிக் அமிலம் உருவாகும். 37 டிகிரியிலேயே கொதிக்கும், ஆவி நச்சு, தானே வெடிக்கவும் கூடியது. செம்பு, ஈயம் பட்டால் அந்த உலோகங்களின் அசைடுகள் உருவாகும். வெடிக்க உரசலே போதும் அவற்றுக்கு. ஆய்வகங்களில் பதப்படுத்தியாகச் சேர்க்கும் 0.1 சதவீத அசைடு கரைசலைக்கூட உலோகக் குழாயுள்ள சிங்க்கில் கொட்டக் கூடாது என்பது இதனால்தான். மோதாமலே ஆயுள் முடிந்த வண்டிகள் உடைப்புக் கிடங்குக்குப் போகும்போது இந்த நச்சும் உள்ளேயே போகிறது. பயணிக்கு நல்லது, கிடங்குத் தொழிலாளிக்குக் கெட்டது என்பதே என் மதிப்பீடு.

அமினோடெட்ரசோல். அசைடின் நச்சு இல்லை, நைட்ரஜன் கொள்ளை கொள்ளையாக. ஆனால் சூடாக எரியும். சூடு ஏறினால் நைட்ரஜன் ஆக்சைடுகளும் கார்பன் மோனாக்சைடும் எட்டிப்பார்க்கும். வாயுவைக் குளிர்விக்க வடிகட்டி வலையைத் தடிமனாக்க வேண்டும், அதற்கும் எடை, இடம், செலவு. ஒரு மூலக்கூறு தண்ணீரைப் பிடித்து ஹைட்ரேட்டாக நிற்கும் பழக்கமும் உண்டு. வில்லை அழுத்தும் முன் உலர்த்தல் சரியில்லை என்றால் பின்னால் அந்தத் தண்ணீர் வெளியேறி வில்லையின் திண்மை கெடும்.

அம்மோனியம் நைட்ரேட். காகிதத்தில் இதை அடிக்க ஆள் இல்லை. முழுவதும் வாயு, கசடு கிட்டத்தட்ட இல்லை, மலிவு, இன்ஃப்ளேட்டர் சின்னதாகும். பிரச்சினை படிக அமைப்பில். 32 டிகிரியில் படிக வடிவம் மாறுகிறது, கன அளவு 3 சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. வெயிலில் நிற்கும் வண்டி தினமும் அந்தக் கோட்டைத் தாண்டித் திரும்பும். பொட்டாசியம் உப்பு சேர்த்து மாற்றத்தை அடக்கலாம். ஆனால் ஈரத்தை உறிஞ்சும் குணம் போகாது: 30 டிகிரியில் காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தை நெருங்கினாலே உறிஞ்சத் தொடங்கும்.

ஈரமும் சூட்டு ஏற்ற இறக்கமும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்தால் என்ன ஆகும்? நல்ல வில்லை வெளிப்பரப்பிலிருந்து அடுக்கடுக்காக எரியும். துளையும் விரிசலும் விழுந்த வில்லைக்குள் தீ புகுந்துவிடும். எரியும் பரப்பு கூடினால் அழுத்தம் கூடும், அழுத்தம் கூடினால் எரிவேகம் கூடும், எரிவேகம் மறுபடி அழுத்தத்தை ஏற்றும். உலோகக் கூடு அதற்காகக் கட்டப்பட்டதல்ல. அது கிழிந்து, பையைத் துளைத்துத் துண்டுகளாகப் பறக்கும். ஜப்பானின் டகாட்டா நிறுவனத்தின் இன்ஃப்ளேட்டர்களில் நடந்தது இதுவே. அமெரிக்காவில் மட்டும் சுமார் 6 கோடியே 70 லட்சம் ஏர்பேக்குகள் திரும்ப அழைக்கப்பட்டன. 2017 ஜூனில் நிறுவனம் திவால் மனு போட்டது. ஈரத்தை உறிஞ்சும் உலர்த்தி சேர்ப்பது கெடுதலைத் தள்ளிப்போடும் என்றுதான் சொல்லலாம். உலர்த்திக்கும் ஒரு கொள்ளளவு உண்டே.

குவானிடின் நைட்ரேட். எதிலும் முதலிடம் இல்லை, அதுவே இதன் பலம். மெதுவாக, குளிர்ச்சியாக எரியும். நச்சு குறைவு, ஈரத்தை அவ்வளவாக இழுக்காது. காரக் காப்பர் நைட்ரேட்டுடன் எரிந்தால் மிச்சம் பெரும்பாலும் செம்பு. கட்டியாகத் திரண்டு வலையில் எளிதில் சிக்கும். குறை எரிவேகத்தில்தான்: 30 மில்லிசெகண்டுக்குள் முடிக்க வில்லைகளை மெல்லியதாக அழுத்திப் பரப்பைக் கூட்ட வேண்டும், இன்ஃப்ளேட்டரின் எரி அறைக்குள் அழுத்தத்தையும் உயர்த்த வேண்டும். உயர் அழுத்தம் என்றால் தடித்த கூடு. அந்த எடையை ஏற்றுக்கொள்வதே சரியான பேரம். 15 ஆண்டு சும்மா கிடந்த பிறகும் முதல் நாள் எரிந்த வேகத்திலேயே எரிய வேண்டும் என்பதைத் தலையாய நிபந்தனையாக வைத்தால், எனக்கு இதற்குப் பிறகுதான் மற்றவை.

பக்கவாட்டுத் திரைப் பைகள் மட்டும் தனிக் கதை. வண்டி உருளும்போது அவை பல விநாடிகள் உப்பியே நிற்க வேண்டும். சூடான வாயு குளிர்ந்தால் சுருங்கும், நீராவி ஒடுங்கி நீராகிவிடும். அங்கே அழுத்தி அடைத்த ஹீலியம், ஆர்கான் வாயுக்களுக்கே இடம், எரிபொருள் வில்லை துணைக்கு மட்டும்.