ஆட்டம் முடிந்தபின் திருத்தப்படும் பட்டியலுக்கு 149 டாலர் தண்டம் அழுத கதை

ஆகஸ்ட் பிறந்தால் போதும், அமெரிக்காவில் அலுவலகத்துக்கு அலுவலகம் ஃபேன்டஸி ஃபுட்பால் லீக் முளைத்துவிடுகிறது. அதில் நம் ஆட்களும் இப்போது நிறையச் சேர்கிறார்கள். கூடவே, "இந்த வாரம் யாரை இறக்குவது, யாரை உட்கார வைப்பது என்று நாங்கள் சொல்கிறோம்" எனச் சந்தா விற்பவர்களும் முளைக்கிறார்கள். 2024 சீசனில் அப்படி ஒருவரிடம் நான் 149 டாலர் கட்டி ஏமாந்தேன். என்னோடு வேலை பார்க்கும் மதுரைத் தம்பி ஒருவர் 139 டாலர் கட்டி ஏமாந்தார். அந்தப் பத்து டாலர் வித்தியாசத்துக்குத் தனிக் கதை உண்டு, கடைசியில் சொல்கிறேன். விற்றவரின் பெயரைப் போடவில்லை. அந்தப் பெயரில் இப்போது அவர் கடை நடத்துவதும் இல்லை. ஆகவே ஆளை விட்டுவிட்டு வித்தையை மட்டும் எழுதுகிறேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: இது நம் கால்பந்து அன்று, கையால் எறிந்து பிடித்து ஓடும் அமெரிக்கக் கால்பந்து. எங்கள் லீக்கில் பத்துப் பேர். சீசன் தொடங்குமுன் முறை வைத்து நிஜ வீரர்களைத் தேர்ந்தெடுத்து ஆளுக்கொரு கற்பனை அணி அமைத்துக்கொள்கிறோம். வாரந்தோறும் அவர்களைக் கொண்டு ஒன்பது இடங்களை நிரப்ப வேண்டும்: பந்தை எறியும் குவார்ட்டர்பேக் ஒருவர், பந்தோடு ஓடும் ரன்னிங் பேக் இருவர், எறிந்ததைப் பிடிக்கும் ரிசீவர் இருவர் என்று போகும். அந்த வீரர் நிஜ ஆட்டத்தில் பத்து யார்டு ஓடினால் நமக்கு ஒரு புள்ளி, எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டுசேர்த்து டச்டவுன் போட்டால் ஆறு. அவருடைய ஆட்டம் தொடங்கிவிட்டால் அந்த இடம் பூட்டப்பட்டுவிடும், பிறகு மாற்ற முடியாது. எங்கள் லீக்கில் பணப்பந்தயம் கிடையாது. முதலில் வருபவருக்கு ஒரு எவர்சில்வர் கூஜா, கடைசியில் வருபவர் எல்லோருக்கும் பிரியாணி சமைக்க வேண்டும். கூஜா தூக்குவதைப் பெருமையாக நினைக்கும் அலுவலகம் வேறு எங்கும் இருக்காது. அதைத் தூக்கத்தான் 149 டாலர் என்பதை என் மனைவி இன்றும் வாரம் ஒருமுறை நினைவூட்டுகிறார்.

எனக்கு டிராஃப்டில், அதாவது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் வரிசையில், முதல் வாய்ப்பு விழுந்தது. அந்த ஆண்டு முதல் வாய்ப்பு கிடைத்தவர்களில் பெரும்பாலோர் கண்ணை மூடிக்கொண்டு எடுத்த பெயர் சான் பிரான்சிஸ்கோ அணியின் ரன்னிங் பேக் கிறிஸ்டியன் மெக்காஃப்ரி. நானும் எடுத்தேன். எடுத்த பிறகுதான் கால் வலி என்ற செய்தி பெரிதாகத் தொடங்கியது. அந்தப் பதற்றத்தில் இருந்தபோதுதான் விளம்பரம் கண்ணில் பட்டது: "94 சதவீதத் துல்லியம். வாராந்திரத் தரவரிசை. உங்கள் அணிக்கென்று தனி ஆலோசனை." கட்டினேன்.

முதல் வாரம். சான் பிரான்சிஸ்கோவுக்கு ஆட்டம் செப்டம்பர் 9, திங்கள் இரவு, ஜெட்ஸ் அணியுடன். அதிகாரபூர்வக் காய அறிக்கையில் மெக்காஃப்ரிக்கு எதிரே "கொஸ்டினபிள்" என்று இருந்தது. அதாவது ஆடலாம், ஆடாமலும் போகலாம். திங்கள் இரவு ஆட்டத்தில் இது பெரிய சங்கடம். உங்கள் மற்ற வீரர்கள் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமையே ஆடி முடித்திருப்பார்கள், கடைசி நேரத்தில் "இவர் இல்லை" என்று தெரிந்தால் இடத்தை நிரப்ப ஆளிருக்காது. இந்த விளையாட்டில் கொஞ்சம் பழகியவர்கள் செய்வது ஒன்றுதான்: அதே அணியில் அவருக்கு அடுத்த நிலையில் இருப்பவரை எடுத்துப் பெஞ்சில் வைத்துக்கொள்வது. சான் பிரான்சிஸ்கோவில் அப்படி இருந்தவர் ஜோர்டன் மேசன். எங்கள் லீக்கில் அவரை யாரும் எடுத்திருக்கவில்லை. சனிக்கிழமை இரவு ஆலோசகருக்கு எழுதிக் கேட்டேன். பதில் வந்தது: "மேசன் வீண். ஓர் இடத்தை அடைக்காதீர்கள். மெக்காஃப்ரியை நம்பிக்கையோடு இறக்குங்கள்." அந்த வாரத்து ரன்னிங் பேக் தரவரிசையையும் இணைத்திருந்தார். முதல் நாற்பது பெயர்களில் மேசன் இல்லை. "இவர் சொல்வதைப் பாருங்கள்" என்று அந்தப் பக்கத்தைப் படம் பிடித்துத் தம்பிக்கு அனுப்பினேன். அந்தப் படம்தான் பிறகு உதவியது.

ஆட்டம் தொடங்க 90 நிமிடம் இருக்கும்போது, அன்று ஆடாதவர்களின் பட்டியலை அணிகள் வெளியிட்டாக வேண்டும். கிழக்குக் கரை நேரப்படி இரவு ஏழு மணி வாக்கில் மெக்காஃப்ரி இல்லை என்று உறுதியானது. நான் அப்போது ஒன்றாம் எண் நெடுஞ்சாலையில் காரில் நின்றுகொண்டிருந்தேன். ஓடிக்கொண்டிருந்தேன் என்று சொல்ல முடியாது, அந்தச் சாலையை அறிந்தவர்களுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து பார்த்தால், அந்த வாரம் எனக்கு எதிராக ஆடிய ஆளே மேசனை எடுத்து இறக்கிவிட்டிருந்தார். மேசன் 147 யார்டு ஓடி ஒரு டச்டவுன் போட்டார். என் கட்டத்தில் பூஜ்யம். பதினொரு புள்ளியில் தோற்றேன்.

தோற்றதற்காக இதை எழுதவில்லை. காயத்தை முன்கூட்டி அறிய யாராலும் முடியாது. மறுநாள் காலை வந்த "வெற்றி அறிக்கை"தான் விஷயம். "மேசனை ரன்னிங் பேக் வரிசையில் 9ஆம் இடத்தில் வைத்திருந்தோம். எங்கள் சொல்லைக் கேட்டவர்கள் வென்றார்கள்!" தளத்தைத் திறந்து பார்த்தேன். முதல் வாரப் பட்டியலில், நிஜமாகவே, மேசன் 9ஆம் இடத்தில் உட்கார்ந்திருந்தார். மெக்காஃப்ரி பெயரையே காணோம். சனிக்கிழமை நான் பிடித்த படத்தை அனுப்பிக் கேட்டேன். "தரவரிசை நேரலையில் புதுப்பிக்கப்படும்" என்று ஒரு வரி பதில். ஆட்டம் முடிந்த பிறகுமா என்று கேட்டதற்குப் பதிலே இல்லை.

அப்போதே விட்டிருக்க வேண்டும். ஆனால் கொடுத்த காசு மனிதனை விடுவதில்லை. சீசன் முழுவதற்கும் கட்டிவிட்டோமே, இன்னும் இரண்டு வாரம் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். ஐந்தாவது வாரப் பட்டியலில் ஃபிலடெல்ஃபியாவின் சேக்வான் பார்க்லி 4ஆம் இடத்தில் இருந்தார். ஃபிலடெல்ஃபியாவுக்கு அந்த வாரம் ஆட்டமே இல்லை, ஓய்வு வாரம்! முந்தைய வாரத்துப் பட்டியலைத் தேதி மாற்றி அனுப்பியிருக்கிறார்கள். சந்தேகம் வந்து, அடுத்தடுத்த வாரங்களில் அவர்களுடைய வரிசையை இலவசமாகக் கிடைக்கும் பொதுச் சராசரி வரிசையோடு ஒப்பிட்டேன். பல விமர்சகர்களின் கணிப்பைக் கூட்டி வகுத்து யாரும் பார்க்கும்படி வைத்திருப்பது அது. 24 ரன்னிங் பேக்குகளில் இடம் மாறியிருந்தவர்கள் மூன்றே பேர். மூன்று பெயரை இடம் மாற்ற 149 டாலர்.

பார்க்லி விஷயம் இதோடு முடியவில்லை. அவர் தம்பியின் அணியில் இருந்தார். அக்டோபர் 13 அன்று கிளீவ்லாண்டுடனான ஆட்டத்தில் 47 யார்டுதான் ஓடினார். அந்த வாரம் தம்பிக்கு ஆலோசகர் எழுதினார்: "27 வயது. பழைய முழங்கால் காயம் இருக்கிறது. மதிப்பு இருக்கும்போதே விற்றுவிடுங்கள்." எனக்கு எழுதியது: "பார்க்லியை எந்த விலை கொடுத்தாவது வாங்குங்கள்." நாங்கள் இருவரும் ஒரே லீக்கில் இருப்பது அவருக்குத் தெரியாது. அவர் இன்னொருவருக்கு என்ன சொல்கிறார் என்பது எங்களுக்கும் தெரியாது. தம்பி விற்க அலைந்தார், நான் வாங்க அலைந்தேன், இரண்டே நாளில் கை மாறியது. நல்ல ரிசீவர் ஒருவரையும் ஒரு ரன்னிங் பேக்கையும் கொடுத்து வாங்கினேன். வந்த ஞாயிற்றுக்கிழமையே பார்க்லி தன் பழைய அணியான ஜயண்ட்ஸுக்கு எதிராக 176 யார்டு ஓடினார். தம்பி என்னிடம் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

உண்மை வெளிவந்தது தீபாவளியன்று. அந்த ஆண்டு தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில் வந்தன, அக்டோபர் 31, வியாழன். வாசலில் பேய் வேடமிட்ட பிள்ளைகள் மிட்டாய் கேட்டு வந்துகொண்டே இருந்தார்கள், உள்ளே முறுக்கும் அதிரசமும். தொலைக்காட்சியில் ஜெட்ஸும் ஹூஸ்டனும். ஜெட்ஸின் காரெட் வில்சன் பின்புறமாகச் சாய்ந்து ஒற்றைக் கையால் பந்தைப் பிடித்து டச்டவுன் போட்டாரே, அந்த ஆட்டம். எல்லோரும் கத்தி முடித்த பிறகு தம்பி மெதுவாகக் கேட்டார்.

"அண்ணா, நீங்கள் அன்றைக்கு எதற்காகப் பார்க்லியை அவ்வளவு பிடிவாதமாகக் கேட்டீர்கள்?"

"வாங்கச் சொன்னார்கள், வாங்கினேன். நீங்கள் ஏன் விற்றீர்கள்?"

அவர் எதுவும் பேசாமல் தன் கைபேசியை எடுத்து நீட்டினார். இரண்டு கைபேசிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒரே நாள், ஒரே கையெழுத்து, நாற்பது நிமிட இடைவெளி. மேலே தேடத் தேட இன்னும் வந்தது. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் எதிர்த்து ஆடிய வாரத்தில் இருவருக்குமே "இந்த வாரம் வெற்றி உங்களுக்குத்தான்" என்று எழுதியிருந்தார்.

பாதிப் பேருக்குப் பிறக்கப்போவது ஆண் என்றும் பாதிப் பேருக்குப் பெண் என்றும் சொல்லி, பலித்தவர்களிடம் மட்டும் மறுபடி தட்சிணை கேட்கும் ஜோசியரைப் பற்றி ஊரில் கேள்விப்பட்டிருப்பீர்கள். இதுவும் அதுதான். நான் வென்ற வாரங்களில் எனக்கு "பாராட்டுச் சான்று எழுதித் தருவீர்களா" என்று கேட்டு வந்தது. தம்பிக்கு அப்படி ஒருமுறைகூட வந்ததில்லை.

அந்த 94 சதவீதக் கணக்கையும் விடாப்பிடியாகக் கேட்டு வாங்கினேன். இறக்கச் சொன்ன வீரர் எட்டுப் புள்ளி எடுத்தால் அது "பலித்த கணிப்பு" என்று எண்ணப்படுமாம். நட்சத்திர வீரர்கள் காலில் கட்டுப் போட்டுக்கொண்டு ஆடினாலும் பெரும்பாலான வாரங்களில் எட்டுப் புள்ளி எடுத்துவிடுவார்கள். அவர்களை இறக்கச் சொல்ல ஆலோசகர் எதற்கு? என் மனதைத் தின்பது ஒன்பதாவது இடத்துக்கு இருக்கும் இரண்டு சுமாரான ஆட்களில் யார் என்ற கேள்விதான். எனக்கு வந்த அப்படிப்பட்ட பதில்களை மட்டும் பிரித்து எண்ணினேன்: பதினேழில் எட்டு சரி. காசைச் சுண்டியிருந்தால் செலவு இருபத்தைந்து காசு, அதுவும் கையிலேயே இருந்திருக்கும்.

இந்தச் சந்தாக்கள் எல்லாமே மோசடி என்று நான் சொல்லவில்லை. காசு வாங்கி உழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஆட்டம் தொடங்குமுன் போட்ட பட்டியலை நேரத்தோடு பூட்டி வைக்கிறார்கள், தவறிய வாரத்தையும் அழிக்காமல் விட்டிருக்கிறார்கள். கட்டுமுன் சென்ற ஆண்டின் ஏதாவது ஒரு வாரத்தைக் கேளுங்கள். மழுப்பினால் திரும்பி வந்துவிடுங்கள். மற்றபடி, ஒருவர் ஆடுவாரா மாட்டாரா என்பதற்கு மேல் பெரிய ரகசியம் எதுவும் இதில் இல்லை, அது இலவசம். ஞாயிறு பகல் ஒரு மணி ஆட்டங்களுக்கு, ஆடாதவர்களின் பட்டியல் பதினொன்றரைக்கு வந்துவிடும். எங்கள் லீக்கில் அந்த ஆண்டு கூஜா வாங்கிய கணக்குப் பிரிவு அம்மையார் பதினொன்றரைக்குக் கைபேசியில் அலாரம் வைத்திருந்தார். அவ்வளவுதான் அவருடைய ஆராய்ச்சி. நான் ஆறாவது. தம்பிதான் பிரியாணி சமைத்தார், நன்றாகவே இருந்தது.

இனி பணம். நவம்பரில் நான் சந்தாவை ரத்து செய்யச் சொல்லி எழுதினேன். "முடிவுகளுக்குப் பொறுப்பல்ல, பொழுதுபோக்குக்காக மட்டுமே" என்று விதிமுறையின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததை வெட்டி ஒட்டிப் பதிலாக அனுப்பினார்கள். டிசம்பரில் என் கிரெடிட் கார்டில் இன்னொரு 59 டாலர் போயிருந்தது: "பிளேஆஃப் சிறப்புத் தொகுப்பு," அதாவது சீசன் இறுதிச் சுற்றுகளுக்கானது. நான் கேட்கவே இல்லை. கட்டணத் தாளில் இருந்த பெயர் வேறு ஏதோ பெயர், பார்த்தால் துணிக்கடை என்று நினைக்கத் தோன்றும். தாளை வரி வரியாகப் படிக்கும் பழக்கம் இல்லையென்றால் தெரிந்தே இருக்காது. அன்றே வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்தேன், 59 திரும்ப வந்தது. கட்டணத் தாள் வந்த 60 நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது இங்குள்ள கிரெடிட் கார்டுச் சட்டம். ஆகஸ்டில் கட்டிய 149க்கு அந்த நாள் எப்போதோ தாண்டிவிட்டது, போனது போனதுதான். ஃபெடரல் வர்த்தக ஆணையத்தின் தளத்திலும் பதிந்து வைத்திருக்கிறேன். அவர்கள் தனித்தனிப் புகாரைத் தீர்த்துத் தர மாட்டார்கள், ஆனால் கணக்கில் ஏறும்.

தம்பிக்கு அந்த 59 போகவில்லை, ஏனென்றால் அவர் கார்டே கொடுக்கவில்லை. கட்டும்போது, "கார்டு வேண்டாம், செயலி வழியாக நண்பருக்கு அனுப்புவது போல அனுப்புங்கள், பத்து டாலர் தள்ளுபடி" என்று சொன்னார்களாம். நண்பருக்கு அனுப்பிய பணத்துக்கு வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது என்று செயலி நிறுவனம் அவருக்கு இரண்டே வரியில் பதில் எழுதிவிட்டது.