பழைய கணினியில் வைரஸ்: துடைப்பதா, முழுதும் அழிப்பதா, லினக்ஸுக்கு மாறுவதா?

அம்பாசமுத்திரத்திலிருக்கும் என் மைத்துனர், கல்லூரியில் சேர்ந்த தம் மகளுக்காகத் திருநெல்வேலியில் ஒரு கடையில் பழைய மேசைக் கணினி வாங்கினார். நான்காம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 7. பென் டிரைவைச் செருகியதும் அதிலிருந்த ஃபோல்டர்கள் மறைந்து, அதே பெயர்களில் ஷார்ட்கட்கள் மட்டும் தெரிந்தன. குரோமைத் திறந்தால் யாரும் கேட்காத பக்கங்கள் தாமாக வந்தன.

எந்தக் கோளாறு வைரஸால் வந்தது, எது கணினியின் வயதால் வந்தது என்பதை முதலில் பிரித்துவிட வேண்டும். அந்தக் கணினி ஒவ்வொரு காலையும் 2010ஆம் ஆண்டைக் காட்டியதற்குக் காரணம், மதர்போர்டிலுள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருந்ததுதான். தேதி தவறினால் வங்கித் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவையாகத் தெரியும். அதையும் பலர் வைரஸ் என்றே எண்ணிவிடுகிறார்கள். 2023 டிசம்பரில் தாமிரபரணி வெள்ளம் புகுந்த வீடுகள் நம் பகுதியில் ஏராளம் என்பதால், பழைய கணினி வாங்குவோர் பெட்டியைத் திறந்து துருவும் சேற்றுத் தடமும் உண்டா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

ஆன்டிவைரஸ் கொண்டு துடைப்பதுதான் எளிய வழி. கோப்புகள் அப்படியே இருக்கும், செலவும் குறைவு. சென்னையின் கே7, புனேயின் குயிக் ஹீல் ஆகியவை நமக்குப் பழக்கமானவை. மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்திலும் இலவசக் கருவிகள் கிடைக்கின்றன. விண்டோஸ் 10இல், அதனுடனேயே வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேன் இருக்கிறது. விண்டோஸ் முழுதாக எழும் முன்பே சோதிப்பதால், ஓடிக்கொண்டிருக்கும் வைரஸ் தன்னை மறைத்துக்கொள்வது கடினம். நாமே ஆண்டுக்கணக்கில் பயன்படுத்திய கணினியில், எந்தக் கோப்பைத் திறந்த பிறகு கோளாறு தொடங்கியது என்று தெரிந்திருந்தால், இந்த வழியை நானும் தேர்ந்தெடுப்பேன். ஆனால் பிறர் கைமாறி வந்த கணினியில், உரிமம் இல்லாத விண்டோஸை இயக்க யாரோ ஓட்டிய ‘ஆக்டிவேட்டர்’ என்ன செய்துவைத்தது என்று நமக்குத் தெரியாது. அவற்றில் பல, ஆன்டிவைரஸை அணைத்து வைக்கச் சொல்லியே ஓடுபவை. அத்தகைய கணினியில் ‘வைரஸ் எதுவும் இல்லை’ என்று திரையில் வருவதை நான் நம்புவதில்லை.

“சி டிரைவை மட்டும் அழிச்சாப் போதும்லா மாமா?” என்று மருமகள் கேட்டாள். கடைகளில் ‘ஃபார்மட் அடித்துத் தருகிறோம்’ என்பதும் பெரும்பாலும் இதுதான். சாலிட்டி, ராம்னிட் போன்ற வைரஸ்கள், மென்பொருள்களை இயக்கும் இஎக்ஸ்இ கோப்புகளுக்குள்ளேயே புகுந்து ஒட்டிக்கொள்பவை; டி டிரைவில் கிடக்கும் பழைய பிரிண்டர் மென்பொருளை மறுநாள் நிறுவினால், புதிய விண்டோஸிலும் அவை வந்து குடியேறிவிடும். ஆகவே அழிப்பதென்றால் எல்லாப் பகுதிகளையும் நீக்கி, டிஸ்க் முழுவதையும் ஒரே வெற்றிடமாக்கிய பிறகே நிறுவ வேண்டும். நிறுவும் பென் டிரைவையும் வேறொரு நல்ல கணினியில் தயாரிக்க வேண்டும். இந்தக் கணினியின் டி டிரைவில் முன்பு வைத்திருந்தவரின் குடும்பப் படங்களும் ரேஷன் அட்டை நகலும் அப்படியே கிடந்தன என்பதால், முழுதாக அழிப்பது முகம் தெரியாத அந்தக் குடும்பத்துக்கும் நாம் செய்யவேண்டிய கடமையாயிற்று.

அழித்த பின் எதை நிறுவுவது என்பதில்தான் உண்மையான போட்டி. விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியிலும் முடிந்துவிட்டன. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் ஏறத்தாழ எட்டாம் தலைமுறைச் செயலியும் தேவைப்படுவதால், இந்தக் கணினி அதற்குத் தகுதி பெறாது. விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம் லினக்ஸ் மின்ட்; அதன் எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்போ 4 ஜிபி ரேமில் தாராளமாக ஓடும். 22ஆம் பதிப்புக்கு 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் உண்டு. தமிழ்99 விசைப்பலகை அதிலேயே இருக்கிறது. ஆவணங்கள் தயாரிக்க லிப்ரே ஆஃபீஸும் உடன் வருகிறது. ஆனால் இதே கணினி ஓர் அச்சுக்கூடத்துக்குப் போயிருந்தால் நான் மின்ட்டைச் சொல்லியிருக்க மாட்டேன். விண்டோஸில் ஓடும் பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரில், பாமினி எழுத்துருவில், பல ஆண்டுகளாக அடித்து வைத்த அழைப்பிதழ்களும் நோட்டீஸ்களும் உள்ளவர்களுக்கு விண்டோஸை விட்டு நகர்வது பெரும் தொல்லை. அவர்கள் விண்டோஸ் 10ஐப் புதிதாக நிறுவி, இணையத்தில் இணைக்காமல் அந்த வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்வதே மேல்.

மருமகளின் கணினியில் மின்ட்டையே நிறுவினோம். அவள் மின்னஞ்சலுக்கும் உதவித்தொகைத் தளத்துக்கும் அந்தக் கணினியிலிருந்து நுழைந்திருந்ததால், கடவுச்சொற்களை அவளுடைய கைபேசியிலிருந்து மாற்றி, மின்னஞ்சலை எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றினோம். பென் டிரைவை மின்ட்டில் செருகியபோது, விண்டோஸ் மறைத்திருந்த அசல் ஃபோல்டர்கள் கண்ணுக்குத் தெரிந்தன. ஷார்ட்கட்கள் செயலற்றுக் கிடந்தன. ஜெராக்ஸ் கடையில் அதைச் செருகினால் அவை மறுபடியும் உயிர்பெறும் என்பதால், படங்களையும் ஆவணங்களையும் மட்டும் நகலெடுத்துக்கொண்டு அந்த பென் டிரைவையும் முழுதாக அழித்தோம்.