கார்த் திறப்புப் பை, ட்ராக்கர், ஸ்டியரிங் பூட்டு: 8 மாதம் பாவித்தபின்

போன தை மாதம், ஒரு செவ்வாய் விடியப்புறம் நாலே முக்காலுக்கு அண்ணா போன் எடுத்தார். "பிள்ளை, வாசல்லை காரைக் காணேல்லை." நான் அப்போது வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டு நின்றேன். முதியோர் இல்லத்தில் காலை ஷிப்ட் எனக்கு. வேலையை விட்டுவிட்டு ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கும் அவர் வீட்டுக்கு ஓடினேன்.

இரவு லேசாகப் பனி கொட்டியிருந்தது. ட்ரைவ்வேயில் பின்பக்கமாக இறங்கிப்போன ரயர்த் தடம் தெளிவாகத் தெரிந்தது. உடைந்த கண்ணாடி ஒரு துண்டுகூட இல்லை. கார் நின்ற இடத்தில், முன் இடதுபக்க லைட் இருந்திருக்கக்கூடிய இடத்தைச் சுற்றி மட்டும் சப்பாத்துத் தடங்கள் நெருக்கமாக மிதிபட்டுக் கிடந்தன. அதைப் போனில் படம் எடுத்து வைத்தேன். பிறகு பெரிதும் உதவியது அந்தப் படம்தான்.

திறப்பு இரண்டும் வீட்டுக்குள்ளேயே இருந்தன. சிக்னலை மறிக்கும் பைக்குள் போட்டு, அந்தப் பையை நீல பிஸ்கற் ரின்னுக்குள் வைத்து மூடுவது அண்ணாவின் வழக்கம். இன்சூரன்ஸிலிருந்து பேசியவருக்கு அதுவே சந்தேகமாகிவிட்டது. திறப்பு வீட்டில் இருக்கிறது, கண்ணாடி உடையவில்லை, கார் மட்டும் எப்படிப் போகும்? மாதாந்தக் கட்டணம் இன்னும் எவ்வளவு மிச்சம், வேறு ஆரிடமாவது திறப்புக் கொடுத்தீர்களா என்று இரண்டு தரம் கேட்டார். அண்ணா 22 வருடமாக இந்த நாட்டில் இரவு பகல் பாராமல் உழைத்தவர். அந்தக் கேள்விக்குப் பிறகு அவர் அன்று சாப்பிடவில்லை.

இரண்டாம் நாள் பின்னேரம் கார் அகப்பட்டது. பெறாமகளின் ஸ்கேற்றிங் பை பின் சீற்றடியில் கிடந்தது, அதற்குள் அவள் ஒரு ஏர்ராக் (தான் இருக்கும் இடத்தைப் போனில் காட்டும் சின்ன வட்ட ட்ராக்கர்) போட்டு வைத்திருந்தாள். 15 நிமிட ஓட்டத்தில் இருக்கும் ஒரு அப்பார்ட்மென்றின் விசிற்றர் பார்க்கிங்கைக் காட்டியது. நாங்கள் கிட்டப் போகவில்லை, பொலிஸுக்கு அடித்துச் சொன்னோம், அவர்கள் வந்து எடுத்தார்கள். நம்பர் பிளேற் மட்டும் மாறியிருந்தது. களவெடுத்த காரை ஓரிரண்டு நாள் எங்காவது விட்டு, ட்ராக்கர் இருந்தால் ஆராவது தேடி வருவார்களா என்று பார்ப்பார்களாம். ஒருவரும் வராவிட்டால் கப்பலில் போகும் கொள்கலனுக்குள் ஏறிவிடும். 2024 சித்திரையில் மொன்றியல் துறைமுகத்தில் 598 களவுக் கார்களைப் பிடித்ததாகப் பொலிஸ் அறிவித்தது நினைவிருக்கும். அண்ணாவின் காரும் அந்த வழியில்தான் போயிருக்கும்.

கார் வந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டில் எல்லோரும் கூடினோம். அத்தான் ஒரே பிடியாக நின்றார்: "பை பழுதாப் போச்சு, சிக்னலை இழுத்திட்டாங்கள்." அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. கதவுப் பிடியைத் தொட்டதும் கார் மெல்லிய அலையில் திறப்பைக் கூப்பிடும், அந்த அலை ஓரிரு மீற்றருக்கு மேல் போகாது. ஒருவன் காரடியிலும் இன்னொருவன் வீட்டுக் கதவடியிலும் கருவியோடு நின்று அதை நீட்டிவிட்டால், உள்ளே இருக்கும் திறப்புப் பதில் சொல்லும். சூரிச் ஆய்வாளர்கள் 2011இலேயே 8 நிறுவனங்களின் 10 கார்களில் இதைச் செய்து காட்டிவிட்டார்கள்.

கராஜில் வேலை செய்யும் ஒன்றுவிட்ட தம்பி அதை ஒத்துக்கொள்ளவில்லை. நான் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். வெளியே போய் இடதுபக்க முன் ரயருக்கு மேலே இருக்கும் பிளாஸ்ரிக்கை அமத்தினான், அது ஆடியது. இரண்டு கிளிப் இல்லை. "அண்ணா, இது எப்ப கழண்டது?" அப்போதுதான் அண்ணாவுக்கு நினைவு வந்தது. பத்து நாளுக்கு முன்னமே அந்தப் பக்க பம்பர் விளிம்பு விலகியிருந்ததாம். பனி வழிக்கிற வண்டி தட்டியிருக்கும் என்று அவர் விட்டுவிட்டார்.

லண்டனில் 2022இல், கார்க் கணினிகளின் பாதுகாப்பை ஆராயும் இயன் ரேபர் என்பவரின் ரொயோட்டா ராவ்4 இதே மாதிரித்தான் போனது. முதலில் பம்பரை இழுத்து லைட் வயரைக் கழற்றியிருந்தார்கள், சில நாள் கழித்துக் காரையே கொண்டுபோனார்கள். அவரும் கென் ரின்டெல் என்ற கார் மின்னணு நிபுணரும் ஆராய்ந்து 2023இல் வெளியிட்டார்கள். ஹெட்லைட்டுக்குப் போகும் வயர் காருக்குள் இருக்கும் கணினிகள் ஒன்றோடொன்று பேசும் வலையமைப்போடு சேர்ந்தது. சின்ன புளூடூத் ஸ்பீக்கர் கோதுக்குள் ஒளித்த கருவியை அதில் கொழுவி, 'சரியான திறப்பு இருக்கிறது' என்று பொய்ச் செய்தி அனுப்பினால் கார் நம்பிவிடும். அதற்கு உண்மையான திறப்பே தேவையில்லை. கனடாவில் 2007 முதல் புதுக் கார்களுக்குக் கட்டாயமான, சரியான திறப்பு இல்லாமல் எஞ்சினை ஓடவிடாத இம்மொபிலைசரையும் இது தாண்டிவிடுகிறது.

அடுத்த கிழமை தம்பி காரைத் தன் கராஜில் கணினியில் போட்டுப் பார்த்தான். பதிவான திறப்பு மூன்று. அண்ணாவிடம் இருப்பதோ இரண்டு. உள்ளே போனபின் கள்ளர் தங்களுக்கென்று ஒன்றைப் பதிந்திருக்கிறார்கள். அந்த அறிக்கையையும் படத்தையும் அனுப்பியபின் இன்சூரன்ஸ்காரர் வேறு கேள்வி கேட்கவில்லை. அம்மா அன்றைக்குத்தான் ஒழுங்காக நித்திரை கொண்டா.

இதெல்லாம் பார்த்தபின் மாசி மாதம் நான் என் காருக்கு வாங்கிய சாமான்களின் கதைக்கு வருகிறேன். வரி சேர்க்காமல் மொத்தம் 274 டொலர்.

திறப்புப் பை இரண்டு 22 டொலர். திறப்பை உள்ளே போட்டு மூடிக்கொண்டு காரடிக்குப் போய்க் கதவுப் பிடியை இழுங்கோ. திறக்காவிட்டால் பை நல்லது. முதல் நாள் இரண்டும் தேறின. ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி சோதிக்கிறேன். ஆறாம் மாதம் ஒரு பையோடு போனபோது கதவு சட்டென்று திறந்துவிட்டது. உள்ளே பார்த்தால் மடிப்பு விழும் இடத்தில் வெள்ளித் துணி கீறல் கீறலாக வெடித்திருந்தது. கைப்பையில் மடங்கி மடங்கிப் போனதுதான் காரணம். மேசையில் மடிக்காமல் வைத்த மற்றது இன்றும் சரி. அலையை நீட்டும் களவுக்கு மட்டும்தான் பை மறிப்பு, லைட் வயரால் வருகிறவனுக்குப் பை ஒரு தடையே இல்லை. வாங்கலாம், ஆனால் அதை மட்டும் நம்பிப் படுக்காதேயுங்கோ.

ஸ்டியரிங்குக்குக் கீழே கணினி கொழுவும் துளையை மூடும் இரும்புப் பெட்டி 55 டொலர். தம்பிதான் பூட்டித் தந்தான். மூன்றாவது திறப்புப் பதிகிற வேலையைச் சுணக்கும். சேர்விஸுக்குப் போகும்போது அதன் திறப்பைக் கொண்டுபோக மறக்கக்கூடாது, அவ்வளவுதான்.

ஏர்ராக் இரண்டு, 39 டொலர்படி. ஒன்றைச் சுலபமாக அகப்படும் இடத்தில் வைத்தேன். மற்றதை எங்கே தைத்தேன் என்று இங்கே எழுதமாட்டேன். தெரியாத ஏர்ராக் கூட வருகிறது என்று கள்ளனின் போனுக்கே அறிவிப்புப் போகும், அதனால்தான் இரண்டு. நிலக்கீழ்ப் பார்க்கிங்கில் ஒரு போனும் கிட்ட வராவிட்டால் இடம் புதுப்பிக்காது என்பதையும் தெரிந்து வைத்திருங்கோ. பற்றரி ஏறக்குறைய ஒரு வருடம் நிற்கும். எங்கள் குடும்பத்துக்குக் காரைத் திருப்பித் தந்தது இந்தச் சின்ன வட்டம்தான், அதனால் இதற்கு ஐந்துக்கு ஐந்து போடுகிறேன்.

மிச்ச 119 டொலரும் ஸ்டியரிங் பூட்டுக்கு. நாலிலும் எனக்கு மிகவும் பிடித்தது இது. தடிபோல இருப்பது வேண்டாம் என்று தம்பி முதலே சொன்னான். ஸ்டியரிங் வளையத்தை வாளால் அறுத்தால் தடி கழண்டுவிடுமாம். நான் வாங்கியது தட்டுப்போல முழு வளையத்தையும் மூடும், மஞ்சள் நிறம், வீதியில் நின்றே தெரியும். குளியலறைத் தராசில் நிறுத்தேன், 4 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. முதல் கிழமை பூட்ட ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்தது, இப்போது 20 செக்கன். இருட்டில் திறப்புத் துளையைத் தேடுவதுதான் கரைச்சல். துளைக்குப் பக்கத்தில் நகப்பூச்சால் வெள்ளைப் புள்ளி ஒன்று வைத்தபின் சுகமாகிவிட்டது. மாசியில் மைனஸ் 18 அடித்த அன்று திறப்புத் திரும்பவே மாட்டேன் என்றது. விரலால் அழுத்தி வெதுப்பி வெதுப்பித் திறக்க ஐந்து நிமிடம் போனது, ஷிப்ட்டுக்குப் பிந்தினேன். பிறகு கிராபைற் தூள் போட்டேன், அதன்பின் இறுகவில்லை. எண்ணெய் போடவேண்டாம், குளிரில் தடித்துவிடும்.

இதை உடைக்கவே முடியாது என்று நான் சொல்லவரவில்லை. கிரைண்டர் கொண்டுவந்தால் வெட்டலாம். ஆனால் அதிகாலை மூன்று மணிக்கு எங்கள் வீதியில் கிரைண்டர் போட்டால் முன்வீட்டு நாயிலிருந்து எல்லோரும் எழும்புவார்கள். கணினிச் செய்தி எதை அனுப்பினாலும் இரும்பு கழண்டு விழாது.

ஒரு குறை உண்டு. வளையத்தில் படும் ரப்பர் மூலை நாலாம் மாதமே கிழிந்து, தோலில் ஒரு கீறல் போட்டுவிட்டது. கடைக்காரர் வேறு ரப்பர் இல்லை என்றார். அம்மாவின் பழைய பருத்திச் சேலைக் கரையை அந்த மூலையில் சுற்றித் தைத்திருக்கிறேன், நன்றாக நிற்கிறது. அண்ணாவுக்கும் இதே பூட்டு ஒன்று வாங்கி, கொடுக்க முன்னமே மூலைக்குத் துணி சுற்றிக் கொடுத்தேன்.